ஊர் திரும்பிய பிறகு ஆல்வின் யார்க் என்ன செய்தார்?

கேள்வி இது: முதல் உலகப் போரில் ஒரே காலைப்பொழுதில் 132 ஜெர்மன் வீரர்களைச் சிறைபிடித்த அமெரிக்கர் ஆல்வின் யார்க் ஒரு சாதாரண விவசாயி என்கிறார்களே, அது உண்மையா? போர் முடிந்த பிறகு அவர் வாழ்க்கை எப்படிப் போனது?

முதல் பாதிக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். ஆமாம், உண்மை. சில விவரங்களில் சண்டை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாம் பாதிதான் நான் விரிவாக எழுத நினைப்பது. ஏனென்றால் அந்த மனிதர் போர்க்களத்தில் பேசப்பட்டது ஒரு காலைப்பொழுதுக்காக. ஊருக்குத் திரும்பி அவர் வாழ்ந்தது 45 வருடங்கள். அவரைப் பற்றிப் படிக்கிற பலரும் அந்தக் காலைப்பொழுதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம் தருகிற விஷயம்.

ஆல்வின் கல்லம் யார்க் 1887 டிசம்பர் 13 அன்று டென்னசி மாநிலத்தில் ஃபென்ட்ரஸ் மாவட்டத்துப் பால் மால் என்ற சிற்றூரில் பிறந்தார். கென்டக்கி எல்லைக்கு ஒட்டினாற்போல, உல்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ஊர். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய இரண்டு அறை வீடு. பதினொரு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். அப்பா வில்லியம் யார்க்குக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, கூடவே கொல்லுப்பட்டறையும் வைத்திருந்தார். மலைச்சரிவு நிலத்தில் மக்காச்சோளம் போட்டால் வீட்டுக்கு வரும், சந்தைக்கு மிஞ்சாது. அதனால் வேட்டைதான் பாதிச் சாப்பாடு. பள்ளிக்கூடம் வருடத்தில் சில வாரங்கள்தான் நடக்கும், அதிலும் வயல் வேலை இல்லாத நாட்களில்தான் பிள்ளைகளை அனுப்புவார்கள். ஆல்வின் பள்ளியில் இருந்த மொத்த நாட்களையும் கூட்டினால் ஒன்பது மாதம் தேறும். இந்த ஒன்பது மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய பின்வாழ்க்கை முழுக்க இதைச் சுற்றித்தான் போகிறது.

குறி தவறாமல் சுடுவது அந்த ஊரில் பெரிய மரியாதை. வான்கோழியை ஒரு மரக்கட்டைக்குப் பின்னால் கட்டிப்போட்டு, அது தலையைத் தூக்கும் நேரம் பார்த்துச் சுட வேண்டும், தலையில் பட்டால்தான் பறவை உங்களுக்கு. மாட்டுக்கும் போட்டி உண்டு. ஆளாளுக்குக் காசு போட்டு ஒரு மாட்டை வாங்கி, நன்றாகச் சுட்டவர்கள் வரிசைப்படி இறைச்சியைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இந்தப் பந்தயங்களில் ஆல்வினை ஜெயிப்பது கஷ்டம்.

1911இல் அப்பா இறந்தார். மூத்த அண்ணன்கள் இருவரும் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களில் மூத்தவன் ஆல்வின்தான், குடும்பப் பாரம் அவர் தலையில் விழுந்தது. வயல் வேலை போக ரயில் பாதை போடுகிற இடத்திலும் மரம் வெட்டுகிற இடத்திலும் கூலிக்குப் போனார். அதே சமயம் குடியும் சூதும் அடிதடியும் கூடிப்போயின. மாநில எல்லையில் சாராயக் கடைகள் இருந்தன, சனிக்கிழமை சம்பளம் அங்கே கரைந்தது. நெருங்கிய நண்பன் ஒருவன் அப்படியொரு கடைச் சண்டையில் செத்தான். அம்மா இரவு தூங்காமல் காத்திருப்பார். 1915 தொடக்கத்தில் ஆல்வின் குடியை விட்டார், ஊரில் இருந்த ஒரு சிறிய கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார், அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு ஊன்றிப்போனார். கிரேசி வில்லியம்ஸ் என்ற பக்கத்து வீட்டுப் பெண்ணை மணக்கும் ஆசையும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று சொல்வார்கள். இருக்கலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியது, கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தது. பதிவுப் படிவத்தில், விலக்குக் கேட்கிறீர்களா என்ற இடத்தில் ஆல்வின் எழுதியது இதுதான்: ஆமாம், சண்டை போட விருப்பமில்லை. அந்தச் சீட்டு இன்றும் இருக்கிறது. அவருடைய சபைப் போதகர் ரோசியர் பைல்தான் ஊர்ப் போஸ்ட்மாஸ்டர், அவரே மளிகைக் கடைக்காரர், படைப்பதிவு அலுவலரும் அவரே. போதகராக ஆல்வின் பக்கம் நின்றார், அலுவலராக அவர் பெயரைப் பதிந்தார். விலக்குக் கோரிக்கை மறுக்கப்பட்டது. வேதாகமத்தைத் தவிர வேறு கொள்கைப் பத்திரம் எதுவும் அந்தச் சபையிடம் இல்லை என்பது அதிகாரிகள் சொன்ன காரணம்.

அந்த வருடம் நவம்பரில் ஜார்ஜியாவில் பயிற்சி முகாமுக்குப் போனார். 82வது டிவிஷன், 328வது காலாட்படை. அங்கே கப்பல் ஏறி வந்த இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் கிரேக்கர்களும் யூதர்களும் நிறைந்திருந்தார்கள். பலருக்குத் துப்பாக்கி பிடிக்கவே தெரியாது. துப்பாக்கியில் பிறந்து வளர்ந்த இவரோ ஆளைச் சுட மாட்டேன் என்றார். மேலதிகாரிகள் இவரைத் தண்டித்து அடக்கியிருக்கலாம். அவருடைய நல்ல நேரம், மேஜர் எட்வர்ட் பக்ஸ்டனும் கேப்டன் டான்ஃபோர்த்தும் வேறு விதமான மனிதர்கள். ஒரு நாள் இரவு இவரை உட்காரவைத்து வேதாகமத்தைத் திறந்து மணிக்கணக்கில் பேசினார்கள். ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்று இவர் எடுத்தால், பட்டயம் இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்றாவது ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும் என்ற லூக்காவின் வரியை அவர்கள் எடுத்தார்கள். ஊருக்குப் பத்து நாள் விடுப்பும் கொடுத்தார்கள், யோசித்துவிட்டு வா என்று. ஆல்வின் மலைமேல் போய் ஜெபித்தார். திரும்பி வந்து, போகிறேன் என்றார். பின்னாளில் தன் மகன் ஒருவனுக்கு அவர் வைத்த பெயர் ஜார்ஜ் எட்வர்ட் பக்ஸ்டன் யார்க். தன்னை மதித்து வாதாடிய ஒரு அதிகாரியை அவர் அப்படி நினைவில் வைத்திருந்தார்.

சரி, 1918 அக்டோபர் 8. பிரான்சில் ஆர்கோன் காடு, ஷாட்டெல் ஷேஹெரி என்ற ஊரின் அருகில். அமெரிக்கப் படை ஒரு ரயில் பாதையைப் பிடிக்க முன்னேறியபோது மேட்டில் இருந்த இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களை அறுவடை செய்துகொண்டிருந்தன. சார்ஜென்ட் பெர்னார்ட் எர்லி தலைமையில் 17 பேர் சுற்றிவளைத்துப் பின்பக்கம் போனார்கள், அதில் கார்ப்பரல் யார்க்கும் ஒருவர். ஒரு கூட்டம் ஜெர்மானியரை எதிர்பாராமல் மடக்கினார்கள். கைதிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்த துப்பாக்கிகள் திரும்பிச் சுட்டன. ஆறு பேர் அந்த இடத்திலேயே செத்தார்கள், எர்லி உட்பட மூன்று பேருக்குக் காயம். செத்தவர்களில் மரே சாவேஜ் என்பவர் படையில் யார்க்குக்குக் கிடைத்த நெருங்கிய நண்பர். மிச்சம் எட்டுப் பேர், பொறுப்பு யார்க்கின் கையில்.

அவர் செய்ததை அவரே வான்கோழிப் போட்டியோடுதான் ஒப்பிட்டார். துப்பாக்கிக்காரன் குறிபார்க்கத் தலையைத் தூக்க வேண்டும், தூக்கின தலையை இவர் சுட்டார். ஒரு கட்டத்தில் ஆறு ஜெர்மானியர் துப்பாக்கி முனைக் கத்தியோடு ஓடிவந்தார்கள். இவர் கைத்துப்பாக்கியை எடுத்துக் கடைசியில் வந்தவனை முதலில் சுட்டார், பிறகு அவனுக்கு முன்னால் வந்தவனை, அப்படியே முதல் ஆள் வரை. முன்னால் வருகிறவன் விழுந்தால் பின்னால் வருகிறவர்கள் நின்று சுட்டுவிடுவார்கள் என்ற கணக்கு அது. காட்டில் வான்கோழிக் கூட்டத்தைச் சுடுகிற அதே முறை. ஜெர்மன் அதிகாரி ஃபோல்மர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, நிறுத்து, என் ஆட்களைச் சரணடைய வைக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். திரும்பும் வழியில் இன்னும் பல கூட்டங்கள் கையைத் தூக்கின. கணக்கெடுத்தபோது 132 பேர். ‘ஜெர்மன் படை முழுவதையும் பிடித்துவிட்டாயாமே’ என்று ஜெனரல் லிண்ட்சே கேட்டதற்கு, இல்லை ஐயா, 132 பேர்தான் என்று இவர் சொன்னதாகப் பதிவு.

மறுநாள் அனுமதி வாங்கிக்கொண்டு அதே இடத்துக்குப் போனார். யாராவது உயிரோடு கிடக்கிறார்களா என்று தேடினார். ஒருவரும் இல்லை. செத்துக்கிடந்த தன் ஆட்களுக்காகவும் ஜெர்மானியர்களுக்காகவும் ஜெபித்துவிட்டு வந்தார். அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் எண்ணிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், யார்க் யாரென்று புரிந்துகொள்ள மறுநாள்தான் வேண்டும்.

சண்டை இருக்கிறது என்றேனே, அது இதுதான். தனி ஒரு ஆள் எல்லாவற்றையும் செய்தார் என்று பத்திரிகைகள் எழுதியதை உடனிருந்தவர்களில் சிலர் ஏற்கவில்லை. நாங்களும் அங்கே இருந்தோமே என்ற அவர்களுடைய வருத்தம் நியாயமானது. எர்லிக்கு 1929இல்தான் உயர்ந்த பதக்கம் ஒன்று கிடைத்தது. சம்பவம் நடந்த இடம் எது என்பதில் இந்த நூற்றாண்டிலும் ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். ஆனாலும் ராணுவம் அப்போதே விசாரித்தது, உடனிருந்தவர்கள் சத்தியப் பிரமாணம் கொடுத்தார்கள். கைதிகளின் எண்ணிக்கையும் யார்க் அங்கே தலைமை தாங்கியதும் உறுதியானவை. தனியாகச் செய்தேன் என்று யார்க் சொல்லிக்கொண்டதும் இல்லை. மேலே இருக்கிறவர் கூட இருந்தார் என்றுதான் கடைசிவரை சொன்னார். 1919 ஏப்ரலில் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுத் தளபதி ஃபோஷும் பதக்கம் குத்தினார்.

அதே ஏப்ரலில் ஒரு பெரிய வார இதழ் இந்தக் கதையை வெளியிட்டது. மே மாதம் நியூயார்க்கில் இறங்கியபோது, ஊரைவிட்டுப் போகும்போது யாருக்கும் தெரியாத இந்த மலைநாட்டு மனிதரை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், பெரிய ஓட்டலில் விருந்து வைத்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டால், அம்மாவோடு தொலைபேசியில் பேச வேண்டும், சுரங்க ரயிலில் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்றார். நாடக மேடைக்கு வா, சினிமாவுக்கு வா, விளம்பரத்துக்குப் படம் கொடு என்று பணத்தைக் காட்டி அழைத்தார்கள். இந்தச் சீருடை விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு ஊருக்கு ரயிலேறினார். ஜூன் 7 அன்று கிரேசியோடு கல்யாணம். மாநில ஆளுநரே நடத்திவைத்தார், ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. விளம்பரப் பணம் அத்தனையையும் வேண்டாம் என்றவர் வீட்டில் அப்போது பெரிய சேமிப்பு எதுவும் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

இதற்குப் பிறகுதான் நீங்கள் கேட்ட கதை.

அவர் ஏற்றுக்கொண்ட ஒரே பெரிய பரிசு நிலம். நாஷ்வில் ரோட்டரி சங்கத்தினர் நன்கொடை திரட்டி உல்ஃப் ஆற்றங்கரையில் ஏறக்குறைய 400 ஏக்கர் வண்டல் நிலத்தை அவருக்கு வாங்கித்தருவதாக அறிவித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே நல்ல நிலம் அதுதான். ஆனால் முழுப் பணம் சேரவில்லை. மிச்சத்துக்குத் தவணை போட்டு, அந்தத் தவணை யார்க்கின் தலையில் விழுந்தது. வெறும் நிலம் மட்டும் இருந்து என்ன செய்வது? கோவேறு கழுதை வேண்டும், கருவி வேண்டும், விதை வேண்டும். அதற்கும் கடன் வாங்கினார். போர்க்காலத்தில் ஏறியிருந்த விளைபொருள் விலை 1920இலும் 1921இலும் சரிந்து விழுந்தது. அமெரிக்கா முழுக்க விவசாயிகள் கடனில் மூழ்கிய வருடங்கள் அவை. தேசமே கொண்டாடிய வீரர் இரண்டே வருடத்தில் தவணை கட்ட முடியாமல் நின்றார். விஷயம் பத்திரிகையில் வந்து, எங்கெங்கோ இருந்தவர்கள் சிறுதொகைகள் அனுப்பி, அந்தக் கடன் அடைந்தது. பிச்சை வாங்குவது போல அது வெளியானதில் அவருக்கு மிகுந்த கூச்சம். கடன் வாங்கி விதைத்த வீட்டில் பிறந்த யாருக்கும் அந்தக் கூச்சம் புரியும்.

இந்த நேரத்தில் வேறொருவர் தன் வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். யார்க்கின் மனசு பள்ளிக்கூடத்தில் இருந்தது. படைக்குப் போய், கப்பல் ஏறி, பாரிஸ் பார்த்து வந்தவருக்குத் தன் ஊரில் இல்லாதது என்னவென்று தெரிந்துவிட்டது. ஃபென்ட்ரஸ் மாவட்டத்தில் சரியான சாலை இல்லை, மேல்நிலைப் படிப்புக்கு வழி இல்லை, பிள்ளைகள் இவரைப் போலவே சில மாதப் படிப்போடு வயலுக்குப் போனார்கள். முதலில் சாலைக்காக மாநில அரசை விடாமல் கேட்டார், சாலை வந்தது. ஜேம்ஸ்டவுனையும் பால் மாலையும் இணைக்கிற அந்த வழி இன்றைய 127ஆம் எண் நெடுஞ்சாலை. பிறகு பள்ளி. மலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகப் படிப்போடு விவசாயமும் கைத்தொழிலும் சொல்லித்தரும் பள்ளி.

அதற்குப் பணம் திரட்ட ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவரை அழைத்தவர்கள் ஆர்கோன் கதை கேட்க வந்தார்கள், இவர் பள்ளிக்கூடக் கதை சொன்னார். என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். போரைப் பற்றிப் பேசுவதில்லை என்ற பிடிவாதத்தை அவர் கொஞ்சம் தளர்த்தியதும் பள்ளிக்காகத்தான். 1920களின் கடைசியில் தன் போர் நாட்குறிப்புகளையும் நினைவுகளையும் புத்தகமாக வெளியிடச் சம்மதித்தார். அந்த வருமானத்தில் தன் பங்கைப் பள்ளிக்கு ஒதுக்கினார்.

ஊருக்கு நல்லது செய்ய ஊரோடு சண்டை போட வேண்டியிருக்கும் என்பதை அவர் அப்போது கற்றுக்கொண்டார். பள்ளியை எங்கே கட்டுவது என்பதில் மாவட்டக் கல்விக் குழுவுக்கும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கும் அவருக்கும் பெரிய தகராறு. அவர்களுக்குத் தங்களுக்கு லாபமான இடம் வேண்டும், இவருக்குப் பிள்ளைகள் வந்துபோக வசதியான இடம் வேண்டும். போர் வீரர் என்ற மரியாதை ஊர் அரசியலில் செல்லுபடியாகவில்லை. ஒன்பது மாதம் படித்தவனுக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன தெரியும் என்ற பேச்சும் கூடவே வந்தது. இவர் விடவில்லை. 1926இல் வகுப்புகள் தொடங்கின, 1929இல் ஜேம்ஸ்டவுனில் புதிய கட்டடம் எழுந்தது. ஆல்வின் யார்க் இன்ஸ்டிட்யூட் என்று பெயர்.

அந்தக் கட்டடம் எழுந்த வருடமே அமெரிக்கப் பொருளாதாரம் நொறுங்கியது. மாநில அரசிடமிருந்து வர வேண்டிய பணம் ஒழுங்காக வரவில்லை. மலைக்குள் சிதறிக்கிடந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் வர வண்டி வேண்டும். யார்க் தன் கைப்பணத்தில் பேருந்து வாங்கினார், எரிபொருளையும் டிரைவரையும் பார்த்துக்கொண்டார், ஆசிரியர் சம்பளத்துக்கு ஓட்டை விழுந்தபோது தன் பண்ணையை அடமானம் வைத்தார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. எந்த நிலத்தை ஊர் ஊராகப் பணம் திரட்டிக் காப்பாற்றிக் கொடுத்தார்களோ அதே நிலம். பொறுப்பான குடும்பத்தலைவன் செய்கிற காரியமா இது என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான், வீட்டில் வரிசையாகப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனாலும் ஊருக்குப் பொதுவான ஒன்று நின்றுபோகிறதே என்று சொந்தச் சொத்தை வைத்தவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

பள்ளியின் தலைவராக 1936 வரை இருந்தார். பிறகு எதிர்ப்பு வென்றது, அவர் விலக வேண்டியதாயிற்று. 1937இல் மாநில அரசு பள்ளியை முழுமையாக எடுத்துக்கொண்டது. பள்ளி நிலைத்தது, அதைக் கட்டியவர் வெளியே நின்றார். அவர் இதைப் பெரிய புகாராக்காமல் அடுத்த வேலைக்குப் போனார். கிராஸ்வில் அருகே கம்பர்லண்ட் மவுண்டன் மாநிலப் பூங்காவில், வேலையில்லா இளைஞர்களுக்காக அரசு நடத்திய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் முகாமில் திட்டக் கண்காணிப்பாளராக இருந்தார். பேர்ட் ஓடையின் குறுக்கே அந்த இளைஞர்கள் உள்ளூர்க் கல்லை வெட்டி அடுக்கிக் கட்டிய அணைப்பாலம் இன்றும் நிற்கிறது, அந்த முகாம்களின் கைவேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு மதுவிலக்குக் கட்சி அவரைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக நிற்கச் சொன்னதும் 1936இல்தான், அதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

போரைப் பற்றிய அவருடைய எண்ணம் ஒரே கோட்டில் போகவில்லை. 1930களில் அந்தப் போரால் என்ன கிடைத்தது என்று வெளிப்படையாகக் கேட்டார், சமாதான இயக்கத்தார் மேடைகளிலும் பேசினார். ஹிட்லர் ஐரோப்பாவை விழுங்கத் தொடங்கியதும் மாறினார். 1941 மே மாதம் பெயர் தெரியாத வீரரின் கல்லறை முன்னால் பேசும்போது, சுதந்திரம் ஒரு முறை ஜெயித்துவிட்டு விட்டுவிடுகிற பொருள் இல்லை, திரும்பத் திரும்பச் சண்டையிட்டுக் காப்பாற்ற வேண்டியது என்ற பொருளில் சொன்னார். நவம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்தப் பேச்சை எடுத்துச் சொன்னார். இப்படி மாறியதைக் குழப்பம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் தன் கண்ணெதிரே நடப்பதைப் பார்த்து, தன் மனசாட்சியோடு பேசி, ஒரு முடிவுக்கு வந்தார். 1917இல் மலைமேல் செய்ததும் அதைத்தான்.

சினிமா விஷயமும் இந்தக் காலத்தில் வருகிறது. 1919 ஊர்வலத்தைப் பார்த்த தயாரிப்பாளர் ஜெசி லாஸ்கி இருபது வருடமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். யார்க் கடைசியில் ஒப்புக்கொண்டது, ஊரில் ஒரு வேதாகமப் பள்ளி கட்டப் பணம் வேண்டும் என்பதால். தன்னுடைய வேடத்தைக் கேரி கூப்பர் செய்ய வேண்டும், மனைவியாக நடிப்பவர் சிகரெட் பிடிக்கிறவராக இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள். 1941இல் படம் வந்தது, அந்த வருடத்தின் மிகப்பெரிய வசூல் படங்களில் ஒன்றானது, கூப்பருக்கு ஆஸ்கார் கிடைத்தது. யார்க்கின் பங்காக ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர் வந்தது. வேதாகமப் பள்ளியைக் கட்டினார், அது போர்க்காலத்தில் நீடிக்கவில்லை. மீதி பெரும்பாலும் சபைக்கும், கை நீட்டிய அக்கம்பக்கத்தாருக்கும் போயிற்று. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது வயது 54, உடல் பருமன், மூட்டுவலி. சண்டைக்குச் சேர்க்க மாட்டோம் என்றது ராணுவம். கௌரவமாக மேஜர் பதவி கொடுத்து, போர்ப் பத்திர விற்பனைக்கும் முகாம்களில் பேசுவதற்கும் அனுப்பினார்கள். ஊரில் அவருக்குக் கிடைத்த வேலை, ஃபென்ட்ரஸ் மாவட்டப் படைச்சேர்ப்புக் குழுவின் தலைவர் பதவி. சண்டை போட விருப்பமில்லை என்று 25 வருடத்துக்கு முன் அதே மாவட்டத்தில் எழுதிக்கொடுத்தவர், இப்போது பக்கத்து வீட்டுப் பையன்களின் பெயரைப் பார்த்து முடிவு சொல்கிற நாற்காலியில். அவருடைய சொந்தப் பிள்ளைகளில் மூத்தவர்களுக்கும் அந்த வயது வந்திருந்தது. அந்தச் சீட்டுகளை அவர் என்ன மனநிலையில் புரட்டியிருப்பார் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

1943இல் ஆற்றங்கரையில் ஒரு மாவு மில்லை வாங்கினார். தண்ணீர் விசையில் ஓடுகிற மில், ஊர் ஜனம் மக்காச்சோளத்தைக் கொண்டுவந்து அரைத்துப் போகும். பண்ணை, மில், சபை, வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறவர்களோடு பேச்சு. அந்தச் சில வருடங்கள்தான் அவர் நிம்மதியாக இருந்த காலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் உடம்பு விழுந்தது. 1940களின் முடிவில் பக்கவாதம் தொட்டது, 1954இல் வந்த தாக்குதல் படுக்கையிலேயே கிடத்திவிட்டது. அதற்குக் கொஞ்சம் முன்பு, 1951இல், வருமான வரித்துறை கதவைத் தட்டியது. சினிமாப் பணத்துக்கு வரி சரியாகக் கட்டவில்லை, 85,442 டாலர் பாக்கி என்றார்கள். பணம் எப்போதோ தானமாகப் போய்விட்டது. வழக்கு இழுக்க இழுக்க வட்டி ஏறி, பாக்கி 1,70,000 டாலரைத் தாண்டியது. எழுந்து நடக்க முடியாத, கண்பார்வை மங்கிய கிழவர்மேல் அத்தனை பெரிய தொகை. சட்டப்படி வரித்துறை பக்கமும் வாதம் இருந்தது, அதை மறுக்கவில்லை. வந்த பணம் வருமானமா, சொத்து விற்ற தொகையா என்பது கணக்காளர்களுக்கே சிக்கலான கேள்வி. ஆனால் பத்து வருடம் அதை அவர் தலைமேல் தொங்கவிட்டது தவறு என்றே சொல்வேன். கடைசியில் 1961இல் 25,000 டாலருக்கு முடித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். பிரதிநிதிகள் சபைத் தலைவர் சாம் ரேபர்னும் அந்தத் தொகுதி உறுப்பினர் ஜோ எவின்ஸும் நிதி திரட்டினார்கள், கேட்டதைவிட இரண்டு மடங்கு சேர்ந்தது. நாற்பது வருட இடைவெளியில் இரண்டாவது முறையாக, முகம் தெரியாத ஜனங்கள் அனுப்பிய பணம் அவர் கடனை அடைத்தது.

1964 செப்டம்பர் 2 அன்று நாஷ்விலில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இறந்தார். வயது 76. ஜனாதிபதி ஜான்சனின் பிரதிநிதியாக ஜெனரல் மாத்யூ ரிட்ஜ்வே வந்தார். இரண்டாம் உலகப் போரில் யார்க்கின் அதே 82வது டிவிஷனுக்குத் தலைமை தாங்கியவர் அவர். பால் மாலில் உல்ஃப் ஆற்றுக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். கிரேசி இன்னும் இருபது வருடம் இருந்தார், 1984இல் கணவர் பக்கத்திலேயே அடக்கமானார்.

அங்கே போகிற வாய்ப்புக் கிடைத்தால், வீடும் மில்லும் இப்போது மாநில வரலாற்றுப் பூங்காவாக இருக்கின்றன, நின்று பார்க்கலாம். ஆனால் அதோடு திரும்பிவிடாமல் ஜேம்ஸ்டவுன் வரை போங்கள். அவர் பெயரில் உள்ள பள்ளி அங்கே இன்றும் அரசுப் பணத்தில் நடக்கிறது, அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் மேல்நிலைப் படிப்பை அங்கே முடிக்கிறார்கள். நீங்கள் போகிற 127ஆம் எண் சாலைக்கும் அவர் பெயர்தான். காலை நேரமாக இருந்தால் பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று எதிரே வரும், வழிவிடுங்கள்.